கோச்சை மாத்தியாச்சு... கோல் யாரு போடுறது?

இந்திய கால்பந்து அணி தோற்ற மறுநாள் நம்ம ஆட்கள் பேசுவதற்கு ரெண்டே ரெண்டு விஷயம்தான் இருக்கும். ஒண்ணு, கோச்சை வீட்டுக்கு அனுப்பணும். ரெண்டு, முன்னாடி நிக்கறதுக்கு ஆளே இல்லை. முதல் விஷயத்தை ரெண்டு மணி நேரம் பிரிச்சு மேய்வோம். ரெண்டாவதை டீ காசு கொடுக்கும்போது ஒரு பெருமூச்சோட முடிச்சுக்குவோம். என் கட்சி என்னன்னா, இதை அப்படியே தலைகீழா பேசணும்.

(கிரிக்கெட் மட்டும் பார்க்கிற மகாஜனங்கள் இங்கேயே அப்பீட் ஆகிக்கலாம். கோவிச்சுக்க மாட்டேன்.)

கணக்கை முதல்ல பார்த்துடலாம். 2023 நவம்பரிலிருந்து 2024 ஜூன் வரைக்கும் உலகக்கோப்பை தகுதிச்சுற்றில் ஆறு ஆட்டம். நடுவுல, 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூணு ஆட்டம். அப்புறம் 2025 மார்ச்சிலிருந்து நவம்பர் வரைக்கும் அடுத்த ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் அஞ்சு ஆட்டம். ஆக மொத்தம் 14. நட்பு ஆட்டம் எல்லாம் சேர்க்கலை, புள்ளிக்காக ஆடினது மட்டும்.

இந்த 14 ஆட்டத்தில் இந்தியா போட்ட கோல் எத்தனைன்னு நினைக்கிறீங்க? அஞ்சு.

குவைத்தில் மன்வீர் சிங் ஒண்ணு. குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரா சேத்ரி பெனால்டியில் ஒண்ணு. தோஹாவில் கத்தாருக்கு எதிரா சாங்தே ஒண்ணு. சிங்கப்பூரில் ரஹீம் அலி ஒண்ணு. கோவாவில் மறுபடி சாங்தே ஒண்ணு. அவ்வளவுதான். ஜெயிச்சது அந்த முதல் குவைத் ஆட்டம் மட்டும். மிச்சம் 13-ல ஒரு ஜெயம் கூட கிடையாது.

இந்த 14 ஆட்டத்துக்குள்ள மூணு கோச் வந்தாச்சு. ஒரு குரோஷியாக்காரர், ஒரு ஸ்பெயின்காரர், ஒரு இந்தியர். மூணு பேருக்கும் மூணு விதமான ஆட்டமுறை. ஆனா கோல் கணக்கு மட்டும் ஒரே மாதிரி. காய்ச்சல் குறையலைன்னு மூணு தெர்மாமீட்டர் மாத்தின வீடு மாதிரி இருக்கு நம்ம கதை.

அதுக்காக கோச்சுகள் எல்லாம் உத்தமர்கள்னு நான் வக்காலத்து வாங்க வரலை. இகோர் ஸ்டிமாச் 1998 உலகக்கோப்பையில் மூணாவது இடம் வந்த குரோஷியா டீம்ல ஆடின ஆள். 2019-ல வந்தார். 2023-ல இம்பாலில் முத்தரப்புத் தொடர், புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூரில் சாஃப் கோப்பைன்னு வரிசையா மூணு ஜெயிச்சப்ப தலையில தூக்கி வச்சு ஆடினோம். ஃபிஃபா தரவரிசையில் 100-க்குள்ள வந்துட்டோம்னு இனிப்பு கொடுத்தவங்களை எனக்குத் தெரியும். (வாங்கித் தின்னவன்ங்கிற முறையில சொல்றேன்.) அந்த மூணு கோப்பையும் நம்ம ஊர்ல, நம்ம மைதானத்துல, நம்ம வெயில்ல ஜெயிச்சதுங்கிறதை அப்ப யாரும் பேசலை. டீம் தேர்வுக்கு ஜோசியர்கிட்ட கேட்டார்னு அந்த வருஷம் செப்டம்பரில் பத்திரிகையில் செய்தி வந்து நாறினப்ப கூட அவர் நாற்காலி ஆடலை. அக்டோபரில் ஒப்பந்தத்தை 2026 வரைக்கும் நீட்டிச்சுக் கொடுத்தாங்க.

அப்புறம் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியா 2-0, உஸ்பெகிஸ்தான் 3-0, சிரியா 1-0. மூணு ஆட்டம், 270 நிமிஷம், ஒரு கோல் இல்லை. மார்ச்சில் ஆப்கானிஸ்தான்கிட்ட சொந்த ஊர்ல 2-1னு தோல்வி. சொந்த நாட்டில் ஒரு ஆட்டம் கூட நடத்த முடியாத டீம்கிட்ட! மூணாவது சுற்றுக்குக் கொண்டு போகலைன்னா நானே கிளம்பிடறேன்ங்கிற ரீதியில் ஸ்டிமாச் ஏற்கனவே சொல்லி வச்சிருந்தார். ஜூன் 11-ம் தேதி கத்தார் ஆட்டத்தில், கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து அவங்க கோல் போட்டதை நடுவர் ஒத்துக்கிட்டார். நாம 2-1 தோத்து வெளியே வந்தோம். அந்த அநியாயத்துக்கு நாம அழுதது நியாயம்தான். ஆனா அதுக்கு முந்தின அஞ்சு ஆட்டத்தில் ரெண்டே கோல் போட்டவன் கடைசி நாள் நடுவரை மட்டும் திட்டறது கொஞ்சம் ஓவர்.

ஜூன் 17-ல அவரைத் தூக்கினாங்க. அவர் நஷ்டஈடு கேட்டு மிரட்ட, கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்து சம்மேளனம் கணக்கு தீர்த்தது. நம்ம ரூபாய்க்கு மூணு கோடிக்கு மேல. ஆடாத ஆட்டத்துக்கு சம்பளம்.

அடுத்து மனோலோ மார்க்கேஸ். நல்ல கோச். ஹைதராபாத்துக்கு ஐஎஸ்எல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். ஆனா அவரை எப்படி வேலைக்கு எடுத்தாங்க தெரியுமா? எஃப்சி கோவாவுக்கும் கோச்சா இருந்துக்கிட்டே, நாட்டுக்கும் கோச். பகல்ல ஒரு கம்பெனி, ராத்திரி ஒரு கம்பெனி மாதிரி. எட்டு ஆட்டம், ஒரே ஒரு ஜெயம், அதுவும் மாலத்தீவுகிட்ட. ஷில்லாங்கில் பங்களாதேஷோட 0-0 ஆடிட்டு வந்து பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்த மனுஷன் கொதிச்ச கொதிப்பைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது, இவர் நிலைக்க மாட்டார்னு. 2025 ஜூன் 10-ல ஹாங்காங்கில், முடியப் போற நேரத்துல பெனால்டி கொடுத்து 1-0 தோத்தோம். ஜூலையில் அவர் கிளம்பிட்டார்.

அடுத்த கோச் வேலைக்கு 170 விண்ணப்பம் வந்துச்சு. அதுல ஸாவியும் பெப் கார்டியோலாவும் விண்ணப்பிச்சிருக்காங்கன்னு ஒரு கூத்து நடந்ததே, ஞாபகம் இருக்கா? ஸாவி பேரை வெளியே விட்டாங்க. சம்பளம் கட்டுப்படி ஆகாதுன்னு பேச்சு வேற. ரெண்டு நாள் கழிச்சு, அந்த மின்னஞ்சல் எல்லாம் போலின்னு சம்மேளனமே அறிக்கை விட்டது. அந்த ரெண்டு நாளும் எங்க செட்ல என்ன விவாதம் நடந்துச்சுங்கறீங்க? ஸாவி வந்தா 4-3-3 ஆடுவாரா, சாங்தேவை வலது பக்கம் போடுவாரா இடது பக்கம் போடுவாரான்னு! நடுவுல யாரைப் போடுவார்னு யாரும் கேட்கலை. ஏன்னா அதுக்கு ஸாவிகிட்டயும் பதில் இருந்திருக்காது :-)

கடைசியில் ஆகஸ்ட் 1-ல காலித் ஜமீல் வந்தார். 13 வருஷம் கழிச்சு ஒரு இந்தியர் முழுநேர கோச். 2016-17ல ஐஸால் மாதிரி ஒரு சின்ன ஊர் கிளப்பை ஐ-லீக் சாம்பியன் ஆக்கின ஆள். எனக்கு அவர் மேல தனி மரியாதை உண்டு. வந்த உடனே மத்திய ஆசியாவில் நடந்த காஃபா தொடரில் தஜிகிஸ்தானை அவங்க ஊர்லயே 2-1னு ஜெயிச்சார். ஓமனை பெனால்டியில் ஜெயிச்சு மூணாவது இடம். ஆனா அங்கேயும் கோல் போட்டவங்களைக் கவனிங்க. தஜிகிஸ்தானுக்கு எதிரா அன்வர் அலி ஒண்ணு, ஜிங்கன் ஒண்ணு. ரெண்டு பேரும் ஸ்டாப்பர் பேக்! ஓமனுக்கு எதிரா உதாந்தா, அவர் விங்கர். அதுக்கு முந்தின வருஷம் மலேசியாவோட 1-1 ஆனதுக்கும், மாலத்தீவுக்கு எதிரா முதல் கோலுக்கும் யார் காரணம்? ராகுல் பேக்கே. அவரும் டிஃபென்டர்தான். கார்னர் கிடைச்சா ஸ்டாப்பர் மேல ஏறி வந்து தலையால முட்டணும், அதுதான் நம்ம அட்டாக்.

அக்டோபரில் சிங்கப்பூரோட ரெண்டு ஆட்டம். அங்கே பத்து பேரை வச்சுக்கிட்டு 90-வது நிமிஷத்துல 1-1. கோவாவில் முதல்ல நாம கோல் போட்டு, அப்புறம் ரெண்டு வாங்கி 2-1 தோல்வி. ஆசியக் கோப்பை கதை அன்னைக்கே முடிஞ்சுது. நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷ்கிட்ட 1-0. அவங்ககிட்ட 2003-க்கு அப்புறம் முதல் தடவையா தோத்தோம். மறுநாள் காலையிலேயே எங்க செட்ல 'காலித்தைத் தூக்கணும்' ஆரம்பிச்சாச்சு.

தூக்கி? இதுதான் என் கேள்வி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்மகிட்ட ஏன் ஸ்ட்ரைக்கர் இல்லை?

ஐஎஸ்எல் 2014-ல ஆரம்பிச்சுது. 2024-25 வரைக்கும் 11 சீசன். இந்த 11 சீசன்லயும் அதிக கோல் போட்டவர் யாருன்னு பட்டியலை எடுத்துப் பாருங்க. எலானோ, மெண்டோசா, மார்செலின்ஹோ, கோரோ, வால்ஸ்கிஸ், ஒக்பெச்சே, டியமன்டாகோஸ்... ஒரே ஒரு இந்தியர் பேர் கூட கிடையாது. 2024-25ல மொராக்கோக்காரர் அஜாராய் 23 கோல் போட்டார். அந்த வருஷம் இந்தியர்களில் முதல் இடம் யாருக்கு? 14 கோல் போட்ட சுனில் சேத்ரிக்கு. அவருக்கு வயசு 40. 2024 ஜூனில் கொல்கத்தாவில் கண்ணீரும் கம்பலையுமா வழியனுப்பி வச்ச ஆளை, 2025 மார்ச்சில் மறுபடி கூட்டிட்டு வந்தாங்க. கூட்டிட்டு வந்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன். 14 கோல் போட்டவனை விட்டுட்டு யாரைக் கூப்பிடுவாங்க? ரிடையர் ஆன தாத்தாவைக் கூப்பிட்டுத்தான் குடும்பம் ஓடுதுன்னா, தாத்தா மேல என்ன தப்பு.

ஒரு கிளப் முதலாளியா உங்களை நினைச்சுப் பாருங்க. களத்துல நாலு வெளிநாட்டு வீரர் ஆடலாம். (ஆரம்பத்துல ஆறு, அப்புறம் அஞ்சு, 2021-22லிருந்து நாலு.) காசு போட்டு வாங்கற நாலு பேரை எங்கே நிறுத்துவீங்க? நடு முதுகெலும்புல. ஒரு ஸ்டாப்பர், ஒரு மிட்ஃபீல்டர், மிச்ச ரெண்டு பேர் கோல் போட. அப்ப இந்தியப் பசங்களுக்கு என்ன மிச்சம்? கோல்கீப்பர், ரெண்டு பக்கவாட்டு பேக், ரெண்டு விங். அதனாலதான் நமக்கு ஓடறதுக்கு ஆள் நிறைய இருக்கு. சாங்தே, லிஸ்டன், விக்ரம் பிரதாப்னு சைடுல பறக்கறாங்க. பறந்து போய் பந்தை உள்ளே போட்டா, அங்கே கிளப்ல இருக்கிற பிரேசில்காரர் இருக்க மாட்டார்.

மன்வீர் சிங்கை எடுத்துக்குங்க. ஆறடிக்கு மேல உயரம், சென்டர் ஃபார்வர்டா வளர்ந்த பையன். மோகன் பகானுக்குப் போனதும் வலது விங்குக்கு ஒதுக்கிட்டாங்க. வருஷம் பூரா வலது கோட்டோரம் ஓடிட்டு, நாட்டுக்கு ஆட வரும்போது மட்டும் நடுவுல நின்னு கோல் போடுன்னா எப்படி? தவில் வித்வானைப் பத்து மாசம் ஜால்ரா தட்ட விட்டுட்டு கச்சேரி அன்னைக்கு மட்டும் தனி ஆவர்த்தனம் வாசின்னா வருமா? மன்வீரை விடுங்க, சேத்ரியே பெங்களூருவில் இடது பக்கம்தான் ஆடினார், நடுவுல மிக்கு இருந்தப்போ. அவர் சேத்ரிங்கிறதால சமாளிச்சார். எல்லாரும் சேத்ரி ஆக முடியாது.

நம்ம ஊர்ப் பையன் சிவசக்தி ஞாபகம் இருக்கா? சிவகங்கை மாவட்டத்துக்காரர். 2022-23ல பெங்களூரு முன்வரிசையில் ராய் கிருஷ்ணா பக்கத்துல இறங்கி கலக்கினார். சேத்ரியை பெஞ்சில் உட்கார வச்சுட்டு இவரை ஆட விட்டாங்கன்னா பார்த்துக்குங்க. அப்ப நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன், வந்துட்டான்யா அடுத்த ராமன் விஜயன்னு. (தெரியாதவங்களுக்கு: ராமன் விஜயன் தமிழ்நாட்டு ஸ்ட்ரைக்கர். 1997-98 தேசிய லீக்கில் எஃப்சி கொச்சினுக்காக ஆடி, நாட்டிலேயே அதிக கோல் போட்டவர்.) ஒரு 21 வயசுப் பையனுக்கு அந்த இடத்தில் தொடர்ந்து 30 ஆட்டம் கொடுத்தா அவன் என்ன ஆவான்ங்கிற பரிசோதனையை இந்த நாட்டில் யாருமே செஞ்சு பார்க்கலை.

சென்னையின் எஃப்சி பார்த்தவங்களுக்கு ஜேஜேயை மறந்திருக்காது. 2017-18ல நாம கோப்பை ஜெயிச்சப்ப அந்த சீசன்ல 9 கோல். இந்தியாவுக்கு 23 கோல். ஐஎஸ்எல் காலத்தில் வெளிநாட்டுக்காரங்களுக்கு நடுவுல நம்பர் 9-ஆ நின்னு நிமிர்ந்த கடைசி ஆள்னு அவரைத்தான் சொல்லுவேன். முட்டியில அடிபட்டு ஆட்டம் போச்சு. 2023 டிசம்பரில் மிசோரம் சட்டசபைத் தேர்தலில் நின்னு எம்எல்ஏ ஆயிட்டார். அவர் விட்டுட்டுப் போன இடம் மட்டும் இன்னும் காலியாத்தான் கிடக்கு. அந்தத் தொகுதிக்கு மட்டும் இடைத்தேர்தல் வரவே இல்லை.

இதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம்னு நினைக்காதீங்க. வியாசர்பாடியில் எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன். அப்பா மூட்டை தூக்கறவர். பையனுக்கு 16 வயசு, ரெண்டு காலும் பேசும். பாக்ஸுக்குள்ள பந்து வந்தா அவனுக்கு மட்டும் நேரம் நின்னு போற மாதிரி இருக்கும், அப்படி ஒரு நிதானம். ஒரு கிளப்போட அகாடமி தேர்வுக்குப் போனான். எடுத்துக்கிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா ரைட் பேக் ஆடறான். "என்னடா இது?"ன்னு கேட்டேன். "சார் சொன்னாருண்ணே, ஸ்ட்ரைக்கரா ஆடினா மேல எவனும் எடுக்க மாட்டான், அந்த எடத்துக்கு ஃபாரினர் வருவான், பேக் ஆடினா கான்ட்ராக்ட் கெடைக்கும்னு"ன்னான். அந்த சார் மேல எனக்குக் கோபம் வரலை, அதுதான் கொடுமை. பையன் வாழ்க்கைக்கு நல்லதைத்தான் சொல்லியிருக்கார். அந்த வீட்டுக்கு ஒரு சம்பளம் வேணும். நானே அவங்க அப்பாவா இருந்தாலும் 'பேக் ஆடுடா கண்ணா'ன்னுதான் சொல்லியிருப்பேன். இப்படி மணிப்பூர்ல ஒருத்தன், கோவாவில் ஒருத்தன், மலப்புறத்துல ஒருத்தன்னு, நாடு முழுக்க பேக் ஆகிப்போன ஸ்ட்ரைக்கர்கள் எத்தனை பேரோ.

எங்க தெருவில் ஒரு பெரியவர் இருக்கார். எண்பதுகளில் ஒரு ஆபீஸ் டீமுக்கு சென்டர் ஃபார்வர்டா ஆடி, அந்த ஆபீசிலேயே ரிடையர் ஆனவர். அவர் சொல்லுவார், "தம்பி, அப்பல்லாம் மெட்ராஸ் லீக்ல ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு சென்டர் ஃபார்வர்ட். ரயில்வேல ஒருத்தன், பேங்க்ல ஒருத்தன், போலீஸ்ல ஒருத்தன். நல்லா ஆடினமோ இல்லையோ, எல்லா வாரமும் அந்த எடத்துல நின்னோம்." இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். பழசு எல்லாம் பொன்னுன்னு பேசற கோஷ்டி இல்லை நான். அந்தக் கால ஆட்ட வேகத்துக்கு இப்ப ஐஎஸ்எல் எவ்வளவோ மேல். ஆனா நின்னு பழகற இடம் போயிடுச்சே.

இந்தியர்கள் மட்டும் ஆடற சந்தோஷ் டிராஃபி இருக்குதான். 2024-25ல பெங்கால் ஜெயிச்சது. அவங்க ஸ்ட்ரைக்கர் ரோபி ஹன்ஸ்டா 12 கோல் போட்டார், ஃபைனல்ல விழுந்த ஒரே கோலும் அவரோடதுதான். ஜெயிச்ச டீமுக்கு என்ன பரிசு? மாநில அரசாங்கம் அரசு வேலை அறிவிச்சது. நல்ல விஷயம்தான், வயிறு நிறையும். ஆனா ஒரு தேசியப் போட்டியில் 12 கோல் போட்டவனுக்கு மிகப்பெரிய வெகுமதி வேலைதான்னா, அந்த நாட்டு கோச் யாரா இருந்தா என்ன?

இந்த இடத்தில் என் நண்பன் ஒருத்தன் குறுக்கே விழுவான். அவன் வாதமும் லேசுப்பட்டது இல்லை. "மச்சி, கிளப் என்ன தர்ம சத்திரமா? இந்தியப் பையன் நல்லா ஆடினா அவனையே போட்டுட்டுப் போறான், காசு மிச்சம்தானே? வெளிநாட்டுக்காரனைக் குறைச்சா லீக் தரம் போயிடும், அப்புறம் ஒருத்தனும் பார்க்க மாட்டான்" என்பான். பாதி உண்மை. வெளிநாட்டு ஸ்டாப்பர்களோட முட்டி மோதித்தான் நம்ம பசங்க உடம்பு தேறினாங்க. அதனால எல்லாரையும் திருப்பி அனுப்புன்னு நான் சொல்லலை. களத்துல மூணு பேர் போதும்னு ஆக்கினாலே ரெண்டாவது ஃபார்வர்ட் இடம் ஒரு இந்தியனுக்குத் தானா கிடைக்கும். ஒரு உள்நாட்டுக் கோப்பையில் மட்டுமாவது முன்வரிசை முழுக்க இந்தியர்தான்னு விதி போடலாம். கிளப்புக்கு அதனால குடி முழுகாது. 21 வயசுக்குக் கீழே இருக்கிற ஃபார்வர்டுக்கு ஆட்ட நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு சம்மேளனம் காசு கொடுக்கலாம். ஸ்டிமாச்சுக்குத் தூக்கிக் கொடுத்த மூணு கோடியில இதை ஆரம்பிச்சிருந்தா எத்தனை பையன் எத்தனை நிமிஷம் ஆடியிருப்பான்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க.

இதைச் செய்ய வேண்டியவங்க என்ன செஞ்சாங்க? 2025-26 சீசனையே ஒப்பந்தச் சண்டையில மாசக்கணக்கா தள்ளிப்போட்டாங்க. எந்த இடத்துல ஆடறதுங்கறது போய், ஆட்டமே உண்டா இல்லையான்னு ஆயிடுச்சு. பயிற்சிக்குக் கூட போகாம வீட்ல உட்கார்ந்திருந்த பசங்களைக் கூட்டிட்டு வந்து டாக்காவில் இறக்கினா காலித் என்ன செய்வார்? அவர் ஆட்டமுறை எனக்கு முழுசா பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். பின்னாடி நின்னு காத்துக்கிட்டு, பந்தை நீளமா அடிச்சு ஓட விடறது அவர் பாணி. ஆனா நீளமா அடிச்ச பந்தை நெஞ்சுல வாங்கி நிறுத்த ஒரு ஆள் வேணுமே. அந்த ஆளைக் கொடுக்காம பாணியைக் குறை சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். யார் கோச்சா வந்தாலும் ஒரு சுற்று முழுக்க, அதாவது ஒரு ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரைக்கும், அவரைத் தொடக் கூடாது. 2025-ல மார்ச்சில் ஒருத்தர், அக்டோபரில் இன்னொருத்தர்னு ஒரே சுற்றுக்கு ரெண்டு பேர். மார்ச்சில் கூப்பிட்ட ஃபார்வர்டுகள் வேற, அக்டோபரில் கூப்பிட்டவங்க வேற. ரெண்டு கோஷ்டிக்கும் ஆளுக்கு ரெண்டு ஆட்டம் கூட உருப்படியா கிடைக்கலை.

"எல்லாம் சரி, நீ கோச்சா இருந்தா முன்னாடி யாரைப் போடுவ, அதைச் சொல்லு முதல்ல"ன்னு டாக்கா ஆட்டத்துக்கு மறுநாள் அதே நண்பன் மடக்கினான். ரஹீம் அலி, அப்படின்னேன். சென்னையில் இருந்தப்பவே பார்த்திருக்கேன், கோல் முன்னாடி பதறுவான், தெரியும். ஆனா பாக்ஸை விட்டு ஓடிப்போக மாட்டான். சிங்கப்பூர்ல பத்து பேரா ஆடிட்டு இருக்கும்போது 90-வது நிமிஷத்துல அந்த இடத்துல இருந்தான் பாருங்க, அதுதான் எனக்கு வேணும். வலது பக்கம் சாங்தே, இடது பக்கம் லிஸ்டன், நடுவுல இவன். கோல் போட்டாலும் போடாட்டியும் தொடர்ந்து பத்து மேட்ச்.

"பத்து மேட்ச்சா? மூணாவது மேட்ச்லயே உன்னைத் தூக்கிடுவானுங்க மச்சி"ன்னான். தூக்கினா தூக்கட்டும், 4 லட்சம் டாலர் வருமில்லன்னேன்.